கடற்கரை வீதியில் ஓடும் சீடி100: வீட்டிலேயே எவற்றைப் பராமரிக்கலாம், எவற்றை மேம்படுத்தலாம்?

உப்புவெளிவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் கடற்கரைக்கு மிக அருகில் வசிக்கிறேன். வேலை குச்சவெளியில் என்பதால் வார நாட்களில் நிலாவெளி, இறக்கக்கண்டி வழியாகக் காலையில் போய், பெரும்பாலும் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறேன். என்னிடம் இருப்பது பழைய பஜாஜ் சீடி100 மோட்டார் சைக்கிள். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிவிட்ட போதிலும், புதியதொன்றை வாங்கும் வசதி எனக்கு இப்போதைக்கு இல்லை. ஆகவே இந்த வண்டியையே இன்னும் பல ஆண்டுகள் நம்பி ஓட்ட விரும்புகிறேன்.

செயினுக்கு ஒயில் விட்டு ஒரு வாரம் கவனிக்காமல் இருந்தால் செம்மஞ்சள் நிறத்தில் துருப் படிந்துவிடுகிறது. சைலன்சரின் அடிப்பக்கம் உளுத்துப்போகத் தொடங்கியிருக்கிறது. மாரி காலத்தில் காலையில் பலமுறை உதைத்த பிறகுதான் இயந்திரம் இயங்குகிறது. இரவில் நிலாவெளி வீதியில் மாடுகள் படுத்துக்கிடப்பதை மிக அருகில் போன பிறகே காண முடிகிற அளவுக்கு முன்விளக்கு மங்கலாக இருக்கிறது. சர்விஸ் நிலையத்தில் விட்டால் அழுத்தக் குழாயால் கழுவி, அடிப்பக்கம் முழுவதும் பழைய ஒயிலைத் தெளித்துத் தருகிறார்கள். அது நல்லதா என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது.

வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலைகள் எவை, அவற்றுக்கு முதலில் எந்தக் கருவிகளை வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். வெளிச்சம் கூடிய எல்.ஈ.டி விளக்கு, சத்தமான ஹோர்ன், சற்று அகலமான பின் டயர் ஆகியவற்றைப் போடவும் எண்ணியிருக்கிறேன். அவற்றில் எது பயனுள்ளது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மூதூர் கராஜ்காரர்:

தம்பி, நீங்கள் எழுதிய குறைகளில் பெரும்பாலானவை வண்டியின் வயதால் வந்தவை அல்ல, உப்பால் வந்தவை. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கந்தளாயில் ஓடும் இதே சீடி100க்கும் உப்புவெளியில் ஓடும் சீடி100க்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை பொருந்தாது. ஆகவே மேம்பாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் உப்பைப் பற்றி யோசியுங்கள்.

கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு வண்டியின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறிவிடுகிறது. நமது கரையோரத்தில் இரவு நேரத்தில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது மிகச் சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும், வண்டி ஓடாமல் நின்றாலும், நீங்கள் உறங்கும் நேரத்தில் அது துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைத்தூறலே நேரே வீதிக்கு வருவதால் இது இன்னும் மோசமாகும். இதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். வாரத்துக்கு ஒருமுறை, மாரி காலத்தில் இரண்டு முறை, வாளியும் துணியும் கொண்டு கழுவினால் போதும். சவர்க்காரம் ஒவ்வொரு முறையும் தேவையில்லை. ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். அதில் கழுவுவது உப்பைப் போக்காமல் மேலும் உப்பைப் பூசுவதாகும். குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ பயன்படுத்துங்கள்.

கழுவிய பிறகு வண்டியைச் சற்று தூரம் ஓட்டி, பிரேக்கை மெதுவாக அழுத்தி உலர்த்தி, அதன் பின்னரே நிறுத்துங்கள். பிளாஸ்ரிக் விரிப்பால் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். காற்றோட்டமுள்ள தாழ்வாரம் போதும்.

அழுத்தக் குழாயைப் பற்றிய உங்கள் ஐயம் சரியானதே. அந்த வேகத்தில் வரும் நீர் சக்கர பெயாரிங்குகளின் சீலைத் தாண்டியும், ஸ்ரியரிங் தலைக்குள்ளும், வயர் இணைப்புகளுக்குள்ளும் புகுந்து, கிறீஸைக் கழுவிவிட்டு அங்கேயே தங்கிவிடும். பழைய ஒயிலைத் தெளிப்பது அதைவிடக் கேடானது. அது இறப்பர் புஷ்களை ஊதிப் பருக்கச் செய்கிறது. தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓரிரு துளிகள் பின் பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது. அதற்குப் பதிலாகக் கழுவி உலர்த்திய சட்டகத்தில், பெயின்ற் உரிந்த இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவெதிர்ப்புப் பூச்சைப் பூசி, அதன் மேல் பெயின்ற் அடியுங்கள். ஸ்டாண்ட் சுழலும் அச்சு, மட்காட் போல்ட்கள், சீற்றின் அடிப்பகுதி, ஸ்போக் தலைகள் ஆகியவை துரு முதலில் தொடங்கும் இடங்கள்.

செயினுக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் செயின் மூடியிருக்கும் உறை நல்லது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த செயினாக ஓடும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு மனவருத்தமாக இருக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் தூரிகையும் கொண்டு செயினைத் துலக்கி, துணியால் நன்றாகத் துடைத்து, 90 எண் கியர் ஒயிலை உள்பக்க ஓட்டத்தில், ஒவ்வொரு உருளையின் இரு ஓரங்களிலும் படும்படி விடுங்கள். இதை மாலையில், ஓடி வந்த செயின் இளஞ்சூடாக இருக்கும்போது செய்தால் ஒயில் இடுக்குகளுக்குள் இறங்கும். காலையில் மேலே எஞ்சியிருப்பதைத் துடைத்துவிடுங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம். இன்னொன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இயந்திரத்தை இயக்கி, கியரைப் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைக்கக் கூடாது. துணி பற்சக்கரத்தில் சிக்கினால் விரலும் அதனோடு போகும். சக்கரத்தைக் கையாலேயே சுழற்றுங்கள்.

தளர்வைப் பார்க்கும்போது சக்கரத்தைச் சுழற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கீழ் ஓட்டத்தின் நடுவில் மேலும் கீழுமாக அசைத்து அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இத்தகைய சிறிய வண்டிகளுக்குப் பொதுவாக 25 முதல் 35 மில்லிமீற்றர் வரை இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் செயின் மட்டுமல்ல, கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு பெயாரிங்கும் பழுதாகும். இரு பக்கமும் உள்ள அடையாளக் கோடுகள் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பைக் கழற்றி மாட்டினால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்; திறந்த முனை முன்னே இருந்தால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும்.

சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கடைக்கும் கோயிலுக்குமாகக் குறுகிய தூரம் மட்டும் ஓடினால் சைலன்சர் போதிய சூடு பெறாது. அந்த ஆவி உள்ளேயே நீராகி அடியில் தங்கி, உள்ளிருந்து அரிக்கிறது. நீங்கள் குச்சவெளி வரை ஓடுவதால் இதில் உங்களுக்கு ஆதாயம் உண்டு. அடியில் சிறிய வடிகால் துளை இருந்தால் அது அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளித்துருவைத் தேய்த்து, சூடு தாங்கும் சைலன்சர் பெயின்றைப் பூசலாம். சைலன்சரை இயந்திரத்தோடு பிணைக்கும் நட்களை மட்டும் பலம் கொண்டு திருகாதீர்கள். துருவை இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு ஊறவைக்க வேண்டும். அங்கே முறியும் ஆணி அலுமினியத் தலைக்குள் முறியும். அதன் பிறகு லேத் வேலைதான்.

கருவிகள் விடயத்தில் பெரிய பெட்டி வாங்கத் தேவையில்லை. 8 முதல் 17 மில்லிமீற்றர் வரையான நல்ல தரமான ரிங் ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளிகள், கால் பம்ப், காற்றழுத்தமானி, மின்சாரத்தை அளக்கும் மலிவான மல்ரிமீற்றர் ஆகியவை இருந்தால் தொடங்கலாம். விலை குறைந்த ஸ்பனர் நட்டின் மூலைகளை வட்டமாக்கிவிடும். துருப்பிடித்த வண்டியில் அந்தச் சேதத்தைச் சரிசெய்வது ஸ்பனரின் விலையைவிட அதிகம். ஒரு நட்டைக் கழற்றினால், அதன் புரியைத் துடைத்துச் சிறிது கிறீஸ் தடவியே திரும்பப் பூட்டுங்கள். அடுத்த ஆண்டு அதைக் கழற்றும்போது இதன் அருமை தெரியும்.

தம்பலகாமம் ரீச்சர்:

காலையில் இயங்க மறுக்கும் குறையைப் பற்றி நான் எழுதுகிறேன்; என் கணவரின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு இந்த வேலையை வீட்டில் நானே செய்து வருகிறேன்.

மாரி காலத்தில் முதலில் ஐயப்பட வேண்டியது பெற்றோலில் கலந்த தண்ணீர். பாதி நிரம்பிய தாங்கியின் மேற்பகுதியில் ஈரக்காற்று இருக்கும். இரவில் குளிர்ந்ததும் அது உட்சுவரில் துளியாகி வடிகிறது. தாங்கி மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீரும் இறங்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது என்பதால் அது பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் போய் நிற்கிறது. பெற்றோல் குழாயை அடைத்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் உள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, வடிவதை ஒளிபுகும் கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனித்தனி முத்துகளாக உருண்டு நிற்கும். துருத்தூளும் சேர்ந்து தெரிந்தால் தாங்கியின் உட்புறம் அரிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். இந்த வேலையைத் திறந்த வெளியில், இயந்திரம் ஆறிய பிறகே செய்ய வேண்டும். அருகில் அடுப்போ விளக்கோ சிகரெட்டோ இருக்கக் கூடாது. வடித்த பெற்றோலைப் பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் போத்தலோடு வைத்துவிடவும் கூடாது. மாரி காலத்தில் தாங்கியைக் கூடுமானவரை நிரப்பி வைப்பது இந்தத் தொல்லையைக் குறைக்கும்.

அடுத்தது பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியைத் தரும் பிளக். அதைக் கழற்றுவதற்கு முன் அதன் குழியைச் சுற்றியுள்ள மணலை ஊதி அகற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கழற்றிய உடனேயே மணல் சிலிண்டருக்குள் விழும். பீங்கான் முனை இளம்பழுப்பாக இருந்தால் நலம். கரிபோல் உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது, அல்லது காற்றுப் பில்டர் அடைபட்டிருக்கிறது. வெளுத்திருந்தால் காற்று கூடுதலாகவும் பெற்றோல் குறைவாகவும் சேர்கிறது. ஈரமான கறுப்பாக இருந்தால் அது ஒயில் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது கராஜ்காரரிடம் காட்டுவதே முறை. பொறி பாயும் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் தகட்டளவியால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) சரிசெய்யலாம். திரும்பப் பூட்டும்போது விரலாலேயே முழுவதும் திருகி, அதன் பிறகே ஸ்பனரைப் பிடிக்க வேண்டும். புதிய பிளக்கென்றால் விரலிறுக்கத்துக்குப் பின் ஏறத்தாழ அரைச்சுற்று. ஏற்கெனவே பூட்டியிருந்த பிளக்கென்றால் அதைவிட மிகக் குறைவு. தலை அலுமினியம், பிளக் இரும்பு; கோணலாகப் பிடித்த புரி மீளாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஈரமான காலைகளில் மட்டும் குறை இருந்தால், இருட்டில் இயந்திரத்தை இயக்கி, பிளக் தொப்பியையும் அதற்கு வரும் தடித்த வயரையும் கையால் தொடாமல் கவனியுங்கள். மின்சாரம் கசிந்தால் நீலநிறப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அந்த வயரும் தொப்பியும் விலை குறைந்தவை, மாற்றிவிடலாம்.

காற்றுப் பில்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான் என்ற உலர்ந்த தென்மேல் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து வயல்வெளிப் புழுதி முழுவதும் அதற்குள்தான் போகிறது. பஞ்சுப் பில்டரென்றால் மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, இயந்திர ஒயிலில் தோய்த்து, மேலதிக ஒயில் வடியுமட்டும் அழுத்திப் பிழிந்து பூட்டலாம். முறுக்கினால் பஞ்சு கிழியும். கடதாசிப் பில்டரைக் கழுவக் கூடாது, மாற்றவே வேண்டும்.

சீனக்குடா மின்வேலை:

விளக்கையும் ஹோர்னையும் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. என் தொழில் மின்வேலை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கடையில் எல்.ஈ.டி பல்பை வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி முன்விளக்குச் சுவிச்சைப் போடுங்கள். விளக்கு எரிந்தால் அது பற்றரியிலிருந்து வரும் நேர்மின்சாரம். எரியாமல், இயந்திரம் இயங்கும்போது மட்டும் எரிந்தால், அது ஜெனரேற்றர் சுருளிலிருந்து நேரே வரும் மாறுமின்சாரம். சிறிய வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டாவது முறைதான். மெதுவாகப் போகும்போது விளக்கு மங்குவதும், முறுக்கினால் பிரகாசிப்பதும் இதனால்தான். இந்த இணைப்பில் சாதாரண எல்.ஈ.டி பல்பைப் போட்டால் அது நடுங்கி எரியும், சில நாட்களில் கெட்டும் போகும்.

எந்த முறையாக இருந்தாலும், பல்பை மாற்றும் முன் இருப்பதைச் சரிசெய்யுங்கள். உங்கள் முன்விளக்கைக் கழற்றிப் பார்த்தால், பல்பின் ஒளியைக் குவிக்கும் உட்கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு மங்கியிருக்கும். கடற்கரை வண்டிகளில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். பூச்சு உரிந்த கிண்ணத்தில் எவ்வளவு சக்தியுள்ள பல்பைப் போட்டாலும் வெளிச்சம் வீதிக்கு வராது. கிண்ணத்தையே மாற்ற வேண்டும். அதன் பிறகு பல்பின் பிடியிலும், சட்டகத்தோடு சேரும் எர்த் வயரின் முனையிலும் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பச்சை செம்பு அரிக்கப்பட்டதன் அடையாளம். விளக்கை எரியவிட்டு, பற்றரியின் எதிர்முனைக்கும் பல்பின் எர்த் முனைக்கும் இடையே மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். விளக்கு மாறுமின்சாரத்தில் எரிவதானால் மீற்றரையும் மாறுமின்சார அளவில் வைக்க வேண்டும். அரை வோல்றுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் மின்சாரம் வீணாகிறது. முனையை அரத்தாளால் தேய்த்து, சட்டகத்தில் பெயின்றைச் சுரண்டி, புதிய போல்டால் இறுக்கி, மேலே வாசலின் தடவினாலே பல வண்டிகளில் வெளிச்சம் கண்கூடாகக் கூடிவிடுகிறது. செலவு ஏறக்குறைய இல்லை.

35 வாற்றுப் பல்புக்குப் பதிலாகக் காரில் போடும் 60 வாற்றுப் பல்பைத் தட்டி நுழைத்துப் பூட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்க வேண்டாம். 12 வோல்றில் 60 வாற்று என்றால் 5 அம்பியர். அந்த மெல்லிய வயரும் சுவிச்சும் அதற்காகச் செய்யப்படவில்லை. பல்பின் பிடி உருகும், ஜெனரேற்றரும் அதற்கு ஈடுகொடுக்காது. எல்.ஈ.டியைப் பொறுத்தவரை, பழைய கிண்ணத்துக்குள் வெறும் எல்.ஈ.டி பல்பைப் போடுவதைவிட, எல்.ஈ.டிக்கென்றே வடிவமைக்கப்பட்ட முழு விளக்குத் தொகுதியைப் போடுவது நல்லது. பழைய கிண்ணம் ஒரு சிறு இழையின் ஒளியைக் குவிப்பதற்காகச் செய்யப்பட்டது. எல்.ஈ.டியின் ஒளி வேறு இடத்திலிருந்து புறப்படுவதால் அது மேலும் பக்கவாட்டிலும் சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். நிலாவெளி வீதியில் விளக்கில்லாத சைக்கிளில் வரும் மீனவரை எதிர்வண்டிக்காரரின் கண்ணிலிருந்து மறைப்பது இத்தகைய கூசும் ஒளிதான். எதைப் பூட்டினாலும், சமதரையில் ஒருவரை ஏற்றி உட்கார வைத்து, சுவரை நோக்கி நிறுத்தி, குறைந்த ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழும்படி சாய்வைத் திருத்துங்கள்.

ஹோர்னில் மேம்பாடு செய்வது பயனுள்ளது. மாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கேட்க வேண்டும். பெரிய ஹோர்ன் கூடுதல் மின்சாரம் இழுப்பதால் பழைய சுவிச்சிலிருந்து நேரே எடுக்கக் கூடாது, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிச்சான ரிலே அவசியம். நான்கு முனை ரிலேயில், 30 என்ற முனைக்குப் பற்றரியின் நேர்முனையிலிருந்து பியூஸ் வழியாக வயர் வர வேண்டும். 87 புதிய ஹோர்னுக்குப் போகும். பழைய ஹோர்னுக்குப் போன இரண்டு வயர்களையும் 85, 86 ஆகிய முனைகளில் பூட்டினால் உங்கள் பழைய பொத்தானே ரிலேயை இயக்கும். சாதாரண ரிலேயில் இந்த இரண்டும் இடம் மாறினாலும் பாதிப்பில்லை. உள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலேயானால் நேர்முனை வயர் எதுவென்று பார்த்தே பூட்ட வேண்டும். புதிய ஹோர்னின் மறுமுனை சட்டகத்துக்கு. பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வயர் எங்காவது உராய்ந்து சட்டகத்தில் பட்டால், பியூஸுக்கு முன் உள்ள பகுதியைக் காப்பாற்ற எதுவுமில்லை. ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள், மழைநீர் வடிந்துவிடும். வயரை முறுக்கி இன்சுலேசன் டேப் சுற்றும் பழக்கம் நமது உப்புக் காற்றில் ஒரு மாரி காலத்துக்குக்கூடத் தாங்காது. முனையை அழுத்திப் பூட்டி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள்.

பற்றரியைத் தொடும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். ஓய்வில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் முழு மின்னேற்றம், 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவு. இயந்திரத்தைச் சற்று முறுக்கும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். 15ஐத் தாண்டினால் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது. அந்த நிலையில் எந்த எல்.ஈ.டியையும் பூட்ட வேண்டாம்.

உப்புவெளிவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரீச்சர் சொன்னபடி காபரேற்றர் கிண்ணத்தை வடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் முத்துகள் தெளிவாகத் தெரிந்தன. தாங்கி மூடியின் இறப்பர் வளையமும் வெடித்துத்தான் இருக்கிறது. முன்விளக்கும் சாவியை மட்டும் திருப்பியபோது எரியவில்லை, ஆகவே எல்.ஈ.டியை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டு, விளக்கின் கிண்ணத்தையும் எர்த் இணைப்பையும் முதலில் பார்க்கப் போகிறேன்.

கராஜ்கார அண்ணாவிடம் இன்னும் சில கேள்விகள். ஒயில் மாற்றுவதையும் பிரேக் சூவை (டிரம்முக்குள் விரிந்து பிடிக்கும் கட்டைகளை) துப்புரவாக்குவதையும் நானே செய்யலாமா? காருக்குப் போடும் விலை கூடிய ஒயில் இதற்கும் நல்லது என்று ஒருவர் சொன்னார். வால்வ் சரிசெய்வது என் கைக்கு அடங்கும் வேலையா? அகலமான டயரைப் பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மூதூர் கராஜ்காரர்:

ஒயில் மாற்றலாம், தம்பி. ஆனால் கார் ஒயில் வேண்டாம். காரில் கிளட்ச் தனியே உலர்ந்த நிலையில் இருக்கிறது. உங்கள் வண்டியில் கிளட்ச் தட்டுகள் அதே இயந்திர ஒயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைப்பதற்காகக் கார் ஒயிலில் சேர்க்கப்படும் பொருட்கள் அந்தத் தட்டுகளை வழுக்கச் செய்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கென்ற 4ரி ஒயிலில், ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தடிப்பும் அளவும் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும். வடித்த பழைய ஒயிலை முற்றத்து மணலில் ஊற்றாதீர்கள். நமது கரையோர மணலில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கிறது. ஊற்றியது உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும். கொள்கலனில் சேர்த்து அருகிலுள்ள கராஜில் கொடுங்கள். நாங்கள் மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.

பிரேக் சூவையும் நீங்களே பார்க்கலாம். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊத வேண்டாம். சில மலிவான சூக்களின் லைனிங்கில் (உராயும் மேற்பட்டையில்) அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். லைனிங்கின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் அரத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். சூவை விரிக்கும் கமின் அச்சு உப்பால் இறுகுவதே நம்மூர் வண்டிகளில் பிரேக் ஒட்டிக்கொள்வதற்கு முக்கிய காரணம். அதைக் கழற்றி, துருவைத் துடைத்து, அச்சில் மட்டும் மிகச் சிறிதளவு கிறீஸ் தடவுங்கள். லைனிங்கில் பட்டால் சூவை மாற்ற வேண்டியதுதான். வெளியே தேய்மானத்தைக் காட்டும் அம்பு இருந்தால், பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அது எல்லைக் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். பூட்டி முடித்ததும் வீதிக்கு ஏறும் முன் முற்றத்திலேயே தள்ளிச் சென்று இரண்டு பிரேக்குகளையும் பிடித்துப் பார்க்க வேண்டும். பின் சக்கர அச்சு நட்டின் பூட்டாணி, பிரேக் தட்டைப் பிடிக்கும் கம்பியின் போல்ட் ஆகிய இரண்டையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வால்வ் இடைவெளியை முதல் தடவை தெரிந்த ஒருவரின் அருகில் நின்று பழகுங்கள். இயந்திரம் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும், தகட்டளவி இலேசான உராய்வோடு இழுபட வேண்டும். இடைவெளி கூடினால் டிக் டிக் என்ற சத்தம் வரும். அது காதுக்குக் கேட்கும் குறை. குறைந்தால் சத்தம் இருக்காது, வால்வ் சரியாக மூடாமல் எரிந்துவிடும். அதனால்தான் அதற்கு நான் அதிகம் அஞ்சுகிறேன். முன் போர்க் சீல், ஸ்போக் நேர்ப்படுத்தல், பெயாரிங் அழுத்துதல், கிளட்ச்சைப் பிரித்தல் ஆகியவற்றை வீட்டில் செய்ய வேண்டாம். அவற்றுக்கு உரிய கருவி இல்லாமல் தொடுவது செலவைக் கூட்டும்.

அகலமான டயர் தேவையில்லை. அந்த ரிம்முக்கு அது பொருந்தாமல் வடிவம் மாறும், செயின் உறையில் உராயும், சிறிய இயந்திரத்துக்குப் பாரமாகும். அந்தப் பணத்தில் நிறுவனம் சொன்ன அளவிலேயே நல்ல புதிய டயர் இரண்டைப் போடுங்கள். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்று இருந்தால் அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நீண்ட காலம் கடையில் வெயில்பட்டுக் கிடந்த டயர் புதிதுபோல் தெரிந்தாலும் மழை வீதியில் பிடிக்காது. சைலன்சரையும் மாற்றிச் சத்தம் கூட்டச் சொல்வார்கள். அது போக்குவரத்துப் பொலிசாரிடம் மாட்டிவிடும், இயந்திரத்துக்கும் நன்மையில்லை.

தாங்கி மூடியின் வளையத்தை நாளைக்கே மாற்றிவிடுங்கள். அதை மாற்றும்போது தாங்கிக்குள் டோர்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். செம்மஞ்சளாகத் தெரிந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், கழற்றித் துப்புரவாக்கும் முறையை எழுதுகிறேன். டோர்ச் பற்றரியில் எரிவதாக இருக்கட்டும். தீக்குச்சியோ லைற்றரோ அந்தப் பக்கமே வரக் கூடாது.